ஆறாம் கட்டிலிலிருந்து ஒரு தபால் அட்டை

ஓனுகி கிவாவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கையெழுத்து நிற்கும். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரை ரயில் நிலையத்தில் பார்த்தால் யாரோ என்று நினைத்துத் தலைகுனிந்து கடந்துபோய்விடுவார். அதே மனிதர் கடைக் கதவில் ஒட்டிய விடுமுறைச் சீட்டைத் தெருமுனையிலிருந்து பார்த்தே, "இன்னிக்கு அவருக்கு இடுப்பு வலி போல. கோடெல்லாம் கீழ இறங்குது பாருங்க" என்பார்.

இது தொழிலால் வந்தது. தோக்கியோவில் கந்தா பகுதியில், ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில், 'கறுப்பு விசிறி' என்று ஒரு மாத இதழ் நடந்துகொண்டிருந்தது. துப்பறியும் கதையும் பேய்க் கதையும்தான் அதன் சரக்கு. போரில் வீடும் அம்மாவும் எரிந்துபோனபின், இருபத்து நாலு வயதில் கிவா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வாசகர்கள் அனுப்பும் தபால் அட்டைகளைப் படித்துப் பிரிப்பது அவர் வேலை.

அந்தக் காலத்து இதழ்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மர்மக் கதையின் புதிரை மட்டும் ஓர் இதழில் போடுவார்கள். விடையை அடுத்த மாதம்தான் போடுவார்கள். நடுவில் வாசகர் கொலையாளி யார், எப்படித் தெரியும் என்று எழுதி அனுப்ப வேண்டும். இதழின் கடைசிப் பக்கத்தில் விரல்நுனி அளவு ஒரு சீட்டு இருக்கும். அதை வெட்டி அட்டையில் ஒட்டினால்தான் செல்லும். ஓர் இதழுக்கு ஒரு சீட்டு, ஒரு விடை. சரியாகச் சொன்னவருடைய பெயர் இதழில் வரும், ஒரு பேனாவும் பரிசு.

சாதாரண மாதத்தில் ஆயிரம் அட்டை வரும். நல்ல கதை என்றால் நாலாயிரம். கிவா பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து கொலையாளிவாரியாகக் குவிப்பார். மனைவிக்கு ஒரு குவியல், மருமகனுக்கு ஒன்று, வேலைக்காரிக்கு ஒன்று. "எந்தக் கதையா இருந்தாலும் வேலைக்காரி குவியல்தான் பெருசா இருக்கும். படிக்கிறவங்கள்ல பாதிப்பேரு யார் வீட்டுலயோ வேலை பாக்கிறவங்க. இருந்தும் அப்படித்தான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அவரைச் சந்தித்தது 1986இல். அந்தப் பழைய இதழ்களிலிருந்து பதினைந்து கதைகளை எடுத்து ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு கொண்டுவரும் வேலை நடந்தது. மொழிபெயர்த்தவர் மோய்ரா கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி. இருபது வருடமாக தோக்கியோவாசி. ஆங்கிலத்தையும் மூலத்தையும் வரிவரியாக ஒப்பிட்டுத் தவறு பிடிப்பது என் வேலை. எதையாவது கவனிக்காமல் விட்டுவிடுவேனோ என்று ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை படிப்பேன். அப்படியும் ஒன்றை விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தொகுப்பின் கடைசிக் கதைக்குப் பெயர் 'மேற்கு அறை'. எழுதியவர் ஹியுரா கென்சுகே. அவர் இறந்து வெகுநாளாகியிருந்தது. மலையடிவாரத்தில் ஒரு பழைய வீடு. வீட்டுக்காரர் உள்ளே தாழிட்ட மேற்கு அறையில் இறந்து கிடக்கிறார். மனைவி, மருமகன், வேலைக்காரி மூவரும் வீட்டில் இருக்கிறார்கள். கதையைச் சொல்பவர் இறந்தவருடைய நண்பர், ஓர் ஓவியர். கதவை உடைத்த அன்று காலையில்தான் அந்த அறைக்குள் முதல்முதலாகக் கால்வைத்தேன் என்கிறார். யார் யாரோ சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். கடைசியில் பார்த்தால், கொன்றவர் கதை சொல்லிக்கொண்டிருந்த ஓவியர்தான்.

கெட்டிஸ் அம்மையாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதழின் பழைய ஆட்களில் உயிரோடிருந்தவர் கிவா ஒருவர்தான். அவரை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துக் கேட்டார். நானும் உடனிருந்தேன்.

"கிவா-சான், இந்த முடிவு மட்டும் வேற மண்டையில உதிச்ச மாதிரி இருக்கே? முதல் இருபது பக்கம் எழுதின ஆள் கெட்டிக்காரர்தான். ஆனா இப்படி முடிக்கிற அளவுக்குக் கெட்டிக்காரர் இல்ல."

கிவா கொஞ்ச நேரம் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையிலிருந்து, எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு தபால் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பென்சிலில் எழுதிய அட்டை.

'மேற்கு அறையின் கூரையில் மரக்கணுக்களால் ஆன ஒரு மீன் இருப்பதாக ஓவியர் சொல்கிறார். அதன் கண் தன்னைவிட்டு விலகவில்லை என்கிறார், வால் வெளிச்சத்தில் கரைந்தது என்கிறார். நின்றுகொண்டு பார்ப்பவனுக்கு அது வெறும் கணு. கணு மீன் ஆவதற்குப் பத்து நாளாவது மல்லாந்து கிடக்க வேண்டும். இவர் அங்கே கிடந்திருக்கிறார். முதல்முறை வந்தேன் என்பது பொய். கொன்றவர் இவரே.'

நான் அந்த அட்டையை இரண்டு முறை படித்தேன்.

"ஹியுரா சென்செய் மனசுல வச்சிருந்த கொலையாளி மருமகன்தான்" என்றார் கிவா. "இந்த அட்டை வந்ததும் பயந்துபோய் அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தாரு. நின்னுக்கிட்டே படிச்சாரு. அப்புறம், விக்காம திரும்பி வந்த பழைய இதழ்க் கட்டு ஒண்ணு கிடந்துது, அதுமேலயே உக்காந்துட்டாரு. அப்புறம், 'ஓனுகி-சான், இவர் சொல்றதுதான் சரி. என் கதையில கொலை செஞ்சது யாருன்னு எனக்கே தெரியாம இருந்திருக்கு'ன்னாரு. சின்ன வயசுல அவரும் ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தவராம். தன்னோட கூரையைத் தன்னை அறியாம ஓவியருக்குக் குடுத்துட்டாரு. நாலு நாள்ல விடையை மாத்தி எழுதினாரு."

"எழுதினவர் பேரைப் போடலையே? விடை வந்த இதழ்ல வெறும் 'வாசகர் ஒருவர்'னு இருக்கே?" என்றார் கெட்டிஸ் அம்மையார்.

கிவா அட்டையைத் திருப்பினார். ஷின்ஷூ, கராமத்சு சானடோரியம், மூன்றாம் வார்டு, கட்டில் ஆறு. கசாமா எய்கிச்சி. அஞ்சல் முத்திரை 1952, மார்ச் பத்தொன்பது.

"பரிசுப் பேனாவை அனுப்பினேன். திரும்பி வந்துது. கூடவே சானடோரியம் ஆபீஸ்லேருந்து ஒரு சீட்டு. கசாமா எய்கிச்சி பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலமாயிட்டாருன்னு."

கெட்டிஸ் அம்மையார் விரல்விட்டு எண்ணினார். அந்தக் கதை வந்த இதழ் கடைக்கு வந்ததே மார்ச் ஒன்றாம் தேதி.

"கிவா-சான்!" என்று எழுந்தே விட்டார். "செத்தவர் கண்டுபிடிச்ச கொலை! இதை முன்னுரையில போட்டா, புத்தகத்துல இருக்கிற மத்த பேயெல்லாம் வேலை போச்சுன்னு வீட்டுக்குப் போயிடும்."

கிவாவின் முகம் வாடியது. "அதுக்குத்தான் நான் முப்பத்துநாலு வருஷமா யார்கிட்டயும் காட்டல. எங்க ஆசிரியர் கையில கிடைச்சிருந்தா அட்டைப்படத்துலயே எலும்புக்கூடு வரைஞ்சு போட்டிருப்பாரு. அந்தச் சீட்டை ஒளிச்சு வச்சிட்டேன். பேரும் விலாசமும் அழிஞ்சுபோச்சுன்னு பொய் சொன்னேன். அதனாலதான் பேர் வரல. அவர் பேய் இல்ல, கெட்டிஸ்-சான். வாசகர்."

"இறந்துபோன வாசகர்."

"வாசகர்."

"அப்ப எப்படின்னு சொல்லுங்க."

"தெரியாது."

"தெரியாததுக்குப் பேர்தான் பேய், கிவா-சான்." அம்மையார் சிரித்தார். ஆனால் இரக்கமில்லாதவர் அல்ல. "இருபதாம் தேதி அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள வேற காரணம் கண்டுபிடிச்சுக் குடுத்தா, பேயை எடுத்துடறேன். இல்லேன்னா அவர் முன்னுரைக்குள்ள வந்துதான் ஆகணும்."

படியிறங்கும்போது கிவாவிடம் கேட்டேன், இத்தனை வருடமாக ஏன் போய் விசாரிக்கவில்லை என்று.

"போனா ஏதாவது ஒண்ணு தெரிஞ்சிடுமே" என்றார். "யாரோ விளையாட்டுக்குச் செத்தவர் பேரை எழுதினாங்கன்னு தெரிஞ்சிட்டா? அவ்வளவு பெரிய விடையை ஒரு போக்கிரி எழுதினான்னு ஆயிட்டா? அதைவிடத் தெரியாமலே இருக்கட்டும்னு விட்டுட்டேன். இப்ப அவரைப் பேயாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பப் போறாங்க. இனிமே சும்மா இருந்தா நான் மனுஷியே இல்ல. நீங்க என்கூட வரீங்க."

செப்டம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை காலை. ஷிஞ்சுகுவில் ரயில் ஏறினோம். சரியான பெட்டியில்தான் ஏறினோமா என்று நான் இரண்டு முறை சீட்டைப் பார்த்தேன். கிவா சோற்றுப் பெட்டியைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டார். ஊறுகாய்ப் பிளம்மின் கொட்டையைத் துப்பித் தாளில் மடித்துவைத்துக்கொண்டார். மூன்று மணிநேரத்தில் மேட்டுநிலம் வந்தது. காற்று மாறியது. காசநோயாளிகளுக்கென்றே இருந்த சானடோரியம் இப்போது எல்லா நோய்க்குமான மருத்துவமனை ஆகிவிட்டிருந்தது. ஒரே ஒரு பழைய மரக் கட்டடம் மட்டும் பின்னால் லார்ச் மரங்களுக்கு நடுவே நின்றது.

அலுவலகப் பெண் கையை விரித்தாள். "அந்தக் காலத்துப் பதிவேட்டை வெளியாளுங்களுக்குக் காட்டக் கூடாதுங்க. ஆனா பதிவேட்டைவிட அதிகமா பேசற ஒருத்தர் கொல்லையில முட்டைக்கோசுக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருக்கார். மினோவா-சான். இங்க நோயாளியா வந்து, பாய்லர்காரரா வேலைபாத்து ஓய்வு பெற்றவர். போய்ப் பாருங்க, நாள் பூரா விடமாட்டார்."

மினோவா தாத்சுவோவுக்கு அறுபது வயது இருக்கும். இடது தோள் வலது தோளைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். என் பார்வை தோளில் பட்டதைக் கவனித்துவிட்டார்.

"ஏழு விலா எலும்பு. இங்கயே எடுத்துட்டாங்க. அதுங்களைத் தனியா விட்டுட்டு ஊருக்குப் போக மனசு வரல. அதான் தங்கிட்டேன். இந்தியாவா? அவ்வளவு தூரத்துலேருந்து என் முட்டைக்கோசைப் பாக்கவா வந்தீங்க?"

கிவா தன் பெயரைச் சொன்னார். 'கறுப்பு விசிறி' என்றார். மினோவா கையிலிருந்த தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். கிவா எண்ணெய்த்தாளைப் பிரித்து அட்டையை நீட்டினார். அவர் அதைத் தொடவில்லை. ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தார், திரும்பத் துடைத்தார். அப்புறமும் தொடவில்லை.

"சுகியாமா கையெழுத்து" என்றார்.

"கசாமா-சான் இல்லையா?"

"கசாமா-சான் எப்படி எழுதுவாரு? அவரைத் தூக்கிட்டுப் போய் நாற்பது நாள் ஆயிருந்துதே."

கிவா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. "விளையாட்டுக்கா எழுதினீங்க?" என்று கேட்டார்.

"அக்கா, முதல்ல இப்படி உக்காருங்க" என்று மினோவா ஒரு தலைகீழ் மரப்பெட்டியைக் காட்டினார். தானும் உட்கார்ந்தார். மூச்சு சீரானபின் சொன்னார்.

மூன்றாம் வார்டில் எட்டுக் கட்டில்கள். எல்லாருக்கும் நெஞ்சு நோய். மல்லாந்து கிடப்பதுதான் அப்போது பாதி மருந்து. ஆறாம் கட்டிலில் கசாமா, ரயில்வேயில் கைகாட்டி இயக்கியவர். அவருடைய அக்கா ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள், தம்பிக்காக அந்த இதழுக்குச் சந்தா கட்டினாள். இதழ் வந்ததும் அவர் தினம் நாலு பக்கம் மற்ற ஏழு பேருக்கும் கிசுகிசுக்கும் குரலில் படித்துக்காட்டுவார். யாரையும் அடுத்த பக்கத்தை எட்டிப்பார்க்க விடமாட்டார்.

"பெரிய டாக்டருக்குத் தெரியாம. கொலைக் கதை படிச்சா காய்ச்சல் ஏறும்னு தடை. அது உண்மைதான். ஏறும்." மினோவா சிரித்தார். "கசாமா-சான் ஒரு தடவைகூடச் சரியாச் சொன்னதில்ல. எப்பவும் வேலைக்காரிம்பாரு. அவர் யாரைச் சொல்றாரோ அந்த ஆள் நிரபராதி. அதுவே எங்களுக்கு ஒரு துப்பு. 'ஒரே ஒரு தடவை சரியாச் சொல்லிட்டா அட்டை வாங்கி அனுப்புவேன்'ம்பாரு. அட்டையே வாங்கல."

பிப்ரவரியில் அவர் போனார். மார்ச்சில் இதழ் அவர் பெயருக்கே வந்தது. புதிதாக வந்த தாதிப் பெண் விவரம் தெரியாமல் அதைக் காலியாகக் கிடந்த ஆறாம் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சுகியாமா, முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், 'அவர் கோவிச்சுக்கமாட்டார்' என்றார்.

"படிச்சுக்காட்ட யாருக்கும் மூச்சு இல்ல. முழு இதழை நெஞ்சுமேல வச்சா கனம் தாங்காது. அதனால கம்பியைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாப் பிரிச்சு ஏழு கட்டிலுக்கும் பங்குபோட்டோம். அவனவன் தன் பங்கை மட்டும் படிக்கணும். மறுநாள் வரிசையாச் சொல்லணும். கதையோட தலை ஒருத்தன்கிட்ட, வால் ஒருத்தன்கிட்ட. முழுக் கதையை எங்கள்ல யாருமே படிக்கல. மீன் இருந்த பங்கு எனக்கு வந்துது."

அவர் நிறுத்தினார். மூச்சுக்காகத்தான் என்று நினைத்தேன். இல்லை.

"நான் அப்ப பதினாலு மாசமா மல்லாக்கக் கிடந்தவன். எனக்கு மேல கூரையில ஒரு கிழவி இருந்தா. கணுதான். முதல் வாரம் வெறும் கணு. அப்புறம் மூக்கு வந்துது. ஒரு மாசம் கழிச்சு என்னைப் பாக்க ஆரம்பிச்சா. அதனால என் முறை வந்ததும், 'ஓவியர் மேற்கு அறையில மீனைப் பாத்தாராம். பாவம், அவரும் நம்மள மாதிரி ரொம்ப நாள் கிடந்திருப்பார் போல'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். துப்பறியணும்னு எல்லாம் இல்ல. எனக்கு முன்னாடிப் பங்கு வச்சிருந்தவன், 'இல்லையே, அந்த அறைக்கே இப்பத்தான் முதல்தடவை வராராம்'னான்."

"அப்புறம்?"

"ஏழு பேரும் அவனவன் கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தோம். எல்லாருக்கும் மேல ஏதோ ஒண்ணு இருந்துதே. குதிரை, குடை, செத்துப்போன தம்பி. யாரும் யார்கிட்டயும் சொன்னதில்ல. எல்லாருக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சுபோச்சு. அந்த அறையில ஒரு கொலைகாரன் படுத்துக்கிட்டு, கூரை மீனைப் பாத்துக்கிட்டே, அந்த மனுஷனை எப்படிக் கொல்லலாம்னு நாள்கணக்கா யோசிச்சிருக்கான்னு." மினோவா தன் புறங்கையைத் தடவிக்கொண்டார். "அன்னிக்குச் சாயங்காலம் ஏழு பேருக்கும் காய்ச்சல், முப்பத்தேழு புள்ளி ஆறு. தலைமைத் தாதி தொத்துநோய்னு பயந்துபோய் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டாங்க."

நான் சிரித்தேன். கிவா சிரிக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பென்சில்" என்றார் திடீரென்று. "நாலாயிரம் அட்டையில இது ஒண்ணுதான் பென்சில். ஏன்னு எனக்கு அப்ப புரியல. படுத்துக்கிட்டு மேல பிடிச்சு எழுதினா மை இறங்காது, இல்ல?"

"இறங்காது. வாத்தியாருக்கு நாலு நாள் ஆச்சு அதை எழுத. அப்புறம், யார் பேரைப் போடறதுன்னு சண்டை. ஒரு இதழுக்கு ஒரு சீட்டுதானே. நான்தான் சொன்னேன், கசாமா-சான் பேரைப் போடுங்கடா, மாட்டிக்கிட்டாலும் செத்தவனை டாக்டர் என்ன பண்ண முடியும்னு. எல்லாரும் சிரிச்சாங்க." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா அதுக்காக இல்ல. அந்த மனுஷனுக்கு ஒரு தடவையாவது சரியாயிருக்கட்டும்னுதான். சலவைக்காரம்மா தன் மடிக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போய்த் தபால்ல போட்டாங்க."

கிவா நிமிர்ந்தார். முகம் முழுக்க ஒரு வெளிச்சம். போக்கிரி இல்லை, பேயும் இல்லை. கதையை முழுதாகப் படிக்காத ஏழு பேர். அவர் என்னைப் பார்த்தார்.

"விடை வந்த இதழைப் பாத்தீங்களா?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

மினோவா ஒரு காய்ந்த இலையைப் பிய்த்தார். "வந்துது. கசாமா-சானோட அக்கா கட்டின சந்தாவுல அதுதான் கடைசி இதழ். கொன்றவர் ஓவியர்னு இருந்துது. எங்க வார்த்தையெல்லாம் அப்படியே இருந்துது. பேர் மட்டும் இல்ல. 'வாசகர் ஒருவர்'. செத்தவர் பேர்ல அனுப்பினது உங்க ஆபீசுக்குத் தெரிஞ்சுபோச்சு, ஏமாத்துக்காரங்கன்னு பேரை அடிச்சிட்டாங்கன்னு நினைச்சோம். அந்த வருஷமே நாலு பேர் போயிட்டாங்க. சுகியாமா போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிகூடக் கேட்டாரு, 'பேர் வரலையேடா மினோவா, எழுத்து புரியாம இருந்துதோ'ன்னு."

கிவா பெட்டியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் அப்படியே ஈர மண்ணில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"நான்தான் அடிச்சேன். எழுத்து தெளிவா இருந்துது. நாலாயிரத்துல அதுதான் தெளிவான எழுத்து. கசாமா-சானை யாரும் கேலி பண்ணக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன். நல்லது பண்றதா நினைச்சேன்."

ஒரு பறவை கத்தியது. மினோவா என்ன செய்வதென்று தெரியாமல் தன் பாதி மூச்சோடு எழுந்து நின்றார். எனக்கும் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அக்கா, எந்திரிங்க" என்றார் கடைசியில். "முட்டைக்கோசு நசுங்குது."

கிவா எழுந்தார். நெற்றியிலிருந்த மண்ணை நான் துடைத்துவிடலாமா என்று தயங்குவதற்குள் அவரே துடைத்துக்கொண்டார். ஆங்கிலப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். ஏழு பேருடைய பெயரையும் சொல்லுங்கள், ஏழையும் போடவைக்கிறேன் என்றார்.

"வேண்டாம்."

"வாத்தியார் பேராவது?"

"வேண்டாம் அக்கா. கசாமா-சான் பேருக்குன்னு அனுப்பினது. இப்ப நாங்க எங்க பேரைச் சொன்னா, குடுத்ததைத் திருப்பி வாங்கின மாதிரி. போடறதா இருந்தா கசாமா எய்கிச்சின்னு போடுங்க. வேற எதுவும் எழுத வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன, மூஞ்சியே எழுதணும்னு துடிக்குதே? உங்க ஊர் பாஷையிலயா? அது இங்க யாருக்கும் தெரியாதே. எழுதிக்குங்க. இங்கிலீஷ்ல மட்டும் வேண்டாம்."

கிளம்பும்போது, சும்மா கேட்பதுபோல் கேட்டார், "இங்கிலீஷ்ல அந்த மீன் எப்படி இருக்கு?"

அச்சுப்படி என் பையில் இருந்தது. அந்த இடத்தைத் தேடி, வாக்கியத்தை அவருக்கு ஜப்பானிய மொழியில் திருப்பிச் சொன்னேன்: நிமிர்ந்து பார்த்தேன், கூரைப் பலகையில் ஒரு மீன் இருந்தது.

மினோவா தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "நிமிர்ந்தா? படுத்திருக்கிறவன் எங்க நிமிருறான்? நிமிருறதுக்கு நிக்கணும், இல்ல உக்காந்தாவது இருக்கணும். படுத்திருக்கிறவன் கண்ணைத் திறப்பான். மீன் அங்க இருக்கும். அவ்வளவுதான்."

நான் அந்த வரியை மூன்று முறை படித்துச் சரி என்று பென்சிலால் குறியிட்டிருந்தேன். மூலத்தில் நிமிர்வதே கிடையாது. ஆங்கிலத்தில் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறதே என்று அம்மையார் இரண்டு வார்த்தை சேர்த்திருக்கிறார். ஏழு பேரும் பிடித்த அந்த ஒரே நூல் அதில் அறுந்துபோயிருந்தது. ஆங்கிலத்தில் படிக்கும் எவருக்கும் ஓவியர் நின்றுகொண்டுதான் இருப்பார். என் காது சூடாகிவிட்டது.

"பெரிய தப்பா?" என்று கிவா கேட்டார்.

"ஓவியர் தப்பிச்சுப் போயிருப்பாரு" என்றேன்.

ரயில் நிலையத்தில் பொதுத் தொலைபேசி இருந்தது. வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. கிவா பேசினார், நான் பக்கத்தில் நின்று காசு போட்டேன். கேட்டதையெல்லாம் அவர் வரிசையாகச் சொன்னார், ஒன்றும் விடவில்லை. மறுமுனையில் கெட்டிஸ் அம்மையாரின் குரல் எனக்கும் கேட்டது.

"கிவா-சான், இது பேயைவிடப் பெருசு! இதை அப்படியே முன்னுரையில..."

"முடியாது. இங்கிலீஷ்ல வேண்டாம்னு சொல்லிட்டார்."

"பேயும் வேண்டாம், இதுவும் வேண்டாம்னா? வெறும் பேரை மட்டும் போட்டா, எப்பவாவது யாராவது தேடிப் பாத்து, அந்த ஆள் கதை வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டாருன்னு கண்டுபிடிப்பாங்களே?"

"கண்டுபிடிக்கட்டும். துப்பறியும் கதை படிக்கிறவங்கதானே. அவங்களுக்கும் ஒரு வேலை வேணும்ல?"

அம்மையார் சிரித்தது கேட்டது. பிறகு கிவா மீனைப் பற்றிச் சொன்னார். படுத்திருப்பவன் நிமிர்வதில்லை, கண்ணைத் திறப்பான் என்று மினோவா சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னார். மறுமுனையில் சத்தம் நின்றுபோனது. நான் இன்னொரு காசு போட்டேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்து இன்னும் ஒன்றும் போட்டேன்.

"நான் இப்ப தரையில படுத்திருக்கேன்" என்றது கெட்டிஸ் அம்மையாரின் குரல், ரொம்ப மெதுவாக. "போனை நெஞ்சுமேல வச்சுக்கிட்டு. இருபது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். கூரையில ஏதோ இருக்கு, கிவா-சான். இன்னும் என்னன்னு தெரியல."

கிவா கண்ணை மூடி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நிமிர்ந்ததை எடுத்துடறேன்" என்றார் அம்மையார். "பேர் எப்படி எழுதணும்? ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க."

கிவா சொன்னார். தப்பு வந்துவிடக் கூடாதென்று நானும் கூடவே முணுமுணுத்தேன். கசாமா. எய்கிச்சி.

"அவ்வளவுதானே?"

"கட்டில் ஆறுன்னும் போடுங்க" என்றார் கிவா. "ஒரே பேர்ல வேற யாராவது இருக்கப் போறாங்க."